வாசிக்க வேண்டிய நாவல்களின்ர பட்டியலை நீங்கள் எப்பிடி வைச்சிருக்கிறீங்கள்?

கொக்குவில் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

நான் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். வீடு கொக்குவிலில, பள்ளிக்கூடம் கிளிநொச்சிப் பக்கம். விடிய பஸ் எடுத்தால் போய்ச் சேர ஒண்டரை மணித்தியாலம், பின்னேரம் திரும்பி வரவும் அவ்வளவுதான். சாவகச்சேரி தாண்டினாப் பிறகு அநேகமா இருக்க இடம் கிடைக்கும். அதில இருந்து ஆனையிறவு வரைக்கும் ஒரு அத்தியாயம் வாசிக்கலாம். இந்த ஆறு வருசத்தில நான் வாசிச்ச நாவல் முழுக்க பஸ்ஸுக்குள்ள வாசிச்சதுதான். வீட்டில கொப்பி திருத்தவே நேரம் சரி.

போனில ஒரு குறிப்பு வைச்சிருக்கிறன், "வாசிக்க வேணும்" எண்டு தலைப்பு. 2021இல கொரோனாவுக்கு வீட்டில அடைஞ்சு இருக்கேக்க தொடங்கினது. ஆர் ஒரு நாவலைப் பற்றிக் கதைச்சாலும் உடனே அதில போட்டுடுவன். பேஸ்புக்கில ஒரு நல்ல குறிப்பைப் பார்த்தாலும் போடுவன். கலியாண வீட்டில, ஸ்ராவ்ரூமில, பஸ் கியூவில எண்டு எங்க கேட்டாலும் போடுவன். போன செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தன், 214 நாவலின்ர பேர் வந்திட்டுது.

எண்ண வேண்டி வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. அண்டைக்குப் பின்னேரம் பஸ் பரந்தன் தாண்டேக்க கையில இருந்த நாவல் முடிஞ்சுது. அடுத்தது என்ன எண்டு பட்டியலைத் திறந்தன். கீழ கீழ தள்ளிக்கொண்டே போறன், ஒண்டும் மனசில பிடிக்கேல்லை. பளை வந்திட்டுது, கொடிகாமமும் வந்திட்டுது, நான் இன்னும் விரலால தள்ளிக்கொண்டுதான் இருக்கிறன். ஒவ்வொரு பேரும் எனக்குத் தெரிஞ்ச பேர்தான், என்ர கையாலதான் போட்டிருக்கிறன். ஆனா ஏன் போட்டனான் எண்டு ஞாபகம் இல்லை. ஒரு இடத்தில "தீ" எண்டு ஒரே ஒரு எழுத்து. ஆர் எழுதினது, ஆர் சொன்னது, ஒண்டும் இல்லை. "சடங்கு" எண்டு ரெண்டு இடத்தில இருந்துது, ரெண்டு தரம் போட்டிட்டன் போல எண்டு ஒண்டை அழிச்சன். "பனை" எண்டு மட்டும் ஒண்டு. நாவலோ, ஆரோ கதையில சொன்ன சொல்லோ, இப்ப எனக்குத் தெரியேல்லை.

அந்த 214க்குள்ள நான் வாசிச்சது ஒன்பதுதான். இந்த நாலு வருசத்தில நாப்பதுக்கு மேல நாவல் வாசிச்சிருக்கிறன். மிச்சம் எல்லாம் ஆரோ கையில தந்தது, கடையில கண்ணில பட்டது. அப்ப இந்தப் பட்டியல் எனக்கு என்ன செய்யுது?

காசையும் சொல்ல வேணும். 2022க்குப் பிறகு இந்தியாவில இருந்து வாற புத்தகங்களின்ர விலை எப்பிடி ஏறினது எண்டு உங்களுக்கே தெரியும். போன மாதம் ஒரு நாவலுக்கு 2,400 ரூபா குடுத்தன், அதுவும் பெரிய புத்தகம் இல்லை. ஒரு மாதத்தில ஒண்டுதான் வாங்கலாம் எண்டா அந்த ஒண்டு எது எண்டு தெரிஞ்சிருக்க வேணுமே.

அண்ணைமார், அக்காமாரிட்டக் கேக்கிறது இதுதான். நீங்கள் பட்டியல் வைச்சிருக்கிறனீங்களோ? கொப்பியிலயோ, போனிலயோ? பேருக்குப் பக்கத்தில என்ன எழுதுவீங்கள்? வாசிக்கவே மாட்டம் எண்டு தெரிஞ்சதை அழிக்கிறதோ, விடுறதோ? எனக்கு அழிக்க மனம் வரேல்லை. ஆரோ ஒருத்தர் அன்பாச் சொன்னதை அழிக்கிற மாதிரி இருக்கு.


நெல்லியடித் தம்பி எழுதியது:

அக்கா, நான் கூகிள் ஷீற்றில வைச்சிருக்கிறன். முதல் நானும் ஒரே பட்டியலாத்தான் வைச்சிருந்தனான். பேந்து ரெண்டாப் பிரிச்சன். ஒண்டு வீட்டில இருக்கிற, இல்லாட்டி நாளைக்கே இரவல் வாங்கக்கூடிய புத்தகங்கள். மற்றது தேட வேண்டியது. பஸ்ஸில இருந்துகொண்டு தேட வேண்டியதைப் பார்த்து என்ன பலன்? அடுத்தது என்ன எண்டு யோசிக்கேக்க முதல் பட்டியலை மட்டும் திறவுங்கோ. அதில இருபதுக்கு மேல விடாதேங்கோ. எனக்கு இப்ப பதினேழு.

தேடுற பட்டியலைக் கடைக்குப் போகேக்கயும் புத்தகக் கண்காட்சிக்குப் போகேக்கயும் மட்டும்தான் திறக்கிறது. அங்க அது நல்லா உதவும். கையில பட்டியல் இல்லாமல் போனால் அட்டையைப் பார்த்து மயங்கி வேற எதையோ வாங்கிக்கொண்டு வந்திடுவம்.

அழிக்கிறது பற்றி: ரெண்டு வருசம் ஒருக்காவும் கை போகாததை நான் அழிச்சிடுவன். வேண்டியது எண்டா திரும்ப ஆரும் சொல்லுவினம்.


இணுவில் ஓய்வூதியர் எழுதியது:

பிள்ளை, உம்முடைய கேள்வியை நேற்று இரவு வாசிச்சனான். உடனே எழுத முடியேல்லை. கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளும்.

நான் தபால் கந்தோரில வேலை செய்து ஓய்வு பெற்றவன். பட்டியல் எழுதத் தொடங்கினது 1979இல, ஏ.எல். படிக்கேக்க. ஒரு சீ.ஆர். கொப்பி, நீல அட்டை. அந்தக் காலத்தில ஊருக்கு ஊர் வாசிகசாலை. பின்னேரத்தில பேப்பர் பார்க்க வாற பெரியாக்கள் அங்க இருந்து நாவல்களைப் பற்றிக் கதைப்பினம். நான் தூணோட சாஞ்சு நிண்டு கேப்பன். வீட்டுக்கு வந்து கொப்பியில எழுதுவன். ஆர் வீட்டில என்ன இருக்கு எண்டும் எழுதுவன். விகடனிலயும் கல்கியிலயும் வந்த தொடர்கதையள வாரா வாரம் கிழிச்சு, பைண்ட் பண்ணி வைச்சிருக்கிற வீடுகள் ஊரில நாலைஞ்சு இருந்தது. இரவல் கேட்டுப் போனால் முதல் பழைய புத்தகத்தைத் திருப்பித் தா எண்டுவினம்.

கொப்பியில 23 நாவலின்ர பேருக்குப் பக்கத்தில "நூ" எண்டு போட்டிருந்தனான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில இருக்கு எண்டு அர்த்தம். சோதனை முடிய ஒவ்வொண்டா எடுத்து வாசிக்கிறதுதான் எண்ணம். 1981 மே 31 இரவு தொடங்கி யூன் 1 விடியும் வரைக்கும் என்ன நடந்தது எண்டு உமக்குச் சொல்லத் தேவையில்லை. நூலகத்தோட 97,000 அளவு புத்தகமும் ஏட்டுச்சுவடியும் எரிஞ்சது எண்டு சொல்லுவினம். எனக்கு அந்த எண் விளங்கினது என்ர 23இல இருந்துதான். பிறகு கனகாலம் அந்தப் பக்கங்களை நான் திருப்பேல்லை. வெட்டவும் இல்லை.

அதுக்குப் பிறகும் கொப்பி வளர்ந்தது. 90க்குப் பிறகு சண்டையால கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சைப் போட்டு, அது நனையிற அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு திரி. அந்த வெளிச்சத்தில ஒரு பக்கத்தைத்தான் ஒரு நேரத்தில பார்க்கலாம், மற்றப் பக்கம் இருட்டு. நான் வாழ்க்கையில ஆகக் கூடுதலா நாவல் வாசிச்சது அந்த அஞ்சு வருசத்திலதான். புதுப் புத்தகம் வாறேல்லை. இருக்கிறதுதான் கை மாறி மாறி வரும். ஒரு நாவல் என்னட்ட வரேக்க முதல் பதினாறு பக்கம் இல்லை. தந்தவர் அந்தப் பதினாறு பக்கக் கதையையும் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு சொல்லிப்போட்டுத்தான் தந்தவர்.

1995 ஒக்ரோபர் 30. ஆமி கிட்ட வருகுது, ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில அறிவிச்சுக்கொண்டு போனாங்கள். மழை. அம்மாவை சைக்கிள் பாரில இருத்தி, கரியரில ரெண்டு பையையும் கட்டி, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிஞ்சு போச்சு. கொப்பி சுவர் அலுமாரிக்குள்ள. எடுக்க நினைச்சனான், ஆனா அம்மாவின்ர மருந்துப் பெட்டியைத் தேடினதில விட்டுப் போச்சு. 1996இல திரும்பி வந்தம். வீட்டில ஓடும் இல்லை, அலுமாரிக் கதவும் இல்லை, கொப்பியும் இல்லை.

81இல புத்தகங்கள் எரிஞ்சுது, கொப்பி மிஞ்சினது. 95இல புத்தகங்கள் எங்கெங்கயோ ஆரட்டயோ இருந்தது, கொப்பி போச்சு.

நான் உமக்குச் சொல்ல வந்தது இனித்தான். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில ஒரு வீட்டுத் தென்னந்தோட்டத்துக் கொட்டிலில இருக்கேக்க, ஒரு நாள் சவர்க்காரப் பெட்டி மட்டை ஒண்டைப் பிரிச்சு, அதின்ர உள்ப் பக்கத்தில அந்தப் பட்டியலை ஞாபகத்தில இருந்து எழுதத் தொடங்கினன். கொப்பியில 140 பேர் அளவில இருந்திருக்கும். மூண்டு நாள் யோசிச்சு யோசிச்சு எழுதினது 31. அந்த 31ஐயும் பிறகு பார்த்தன். ஒவ்வொரு பேருக்குப் பின்னாலயும் ஒரு ஆள் நிண்டவர். இது எங்கட தமிழ் வாத்தியார் வகுப்பில கண் கலங்கிச் சொன்னது. இது மச்சாள் கலியாணத்துக்கு முதல் வாசிச்சு முடிச்சுப்போட்டுத் தந்தது. இது யாழ்ப்பாணம் பண்ணைப் பக்கம் பஸ்ஸுக்கு நிக்கேக்க முன்பின் தெரியாத ஒரு மனிசன் சொன்னது. சஞ்சிகையில வந்த பட்டியலைப் பார்த்து நான் அப்பிடியே இறக்கி எழுதின ஐம்பது அறுபது பேரில ஒண்டுகூட வரேல்லை. ஒண்டுகூட!

அதனால அண்டையில இருந்து நான் பேரை மட்டும் எழுதுறதில்லை. ஆர் சொன்னது, எங்க வைச்சு, என்ன சொன்னவர். ஒரு வரி காணும். அதுவும் அவர் சொன்ன சொல்லிலயே எழுதுவன். "நல்ல நாவல்" எண்டு எழுதி வைச்சால் ஒரு மாதத்தில செத்துப் போகும். "கடைசி அத்தியாயத்தை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை எண்டவ" எண்டு எழுதி வைச்சால் இருபது வருசம் கழிச்சுப் பார்த்தாலும் கை போகும்.

ஒண்டை மட்டும் விரிவாச் சொல்லுறன். மருதனாமடத்துக்குக் கிட்ட ஒரு அண்ணை சைக்கிள் திருத்துற கொட்டில் வைச்சிருந்தவர். 1983இல எண்டு நினைக்கிறன், என்ர சைக்கிளுக்கு பின் சில்லு கம்பி மாத்திக்கொண்டு இருக்கேக்க, கரியரில இருந்த என்ர புத்தகத்தைப் பார்த்துப்போட்டுக் கேட்டவர், "தம்பி, டானியலின்ர பஞ்சமர் வாசிச்சிட்டீரோ?" எண்டு. இல்லை எண்டன். "வாசிச்சுப்போட்டு வந்து என்னோட கதையும்" எண்டார். அவ்வளவுதான் சொன்னவர். பிறகு கம்பியை முறுக்கத் தொடங்கிட்டார்.

அவர் எங்கட வீட்டுக்கும் வேலைக்கு வாறவர். அவருக்குத் தேத்தண்ணி குடுக்கிற கிளாஸ் வேற. அது கிணத்தடி மதிலில கவிழ்ந்தபடி இருக்கும், அவரே கழுவிக் கவிழ்த்துப்போட்டுப் போவார். சின்ன வயசில இருந்து அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தனான். அது ஏன் அங்க இருக்கு எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. பஞ்சமர் 1972இல வந்த நாவல், யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைப் பற்றினது. நான் பேரைக் கொப்பியில எழுதினன். வாசிக்கேல்லை. கையில கிடைச்சும் வாசிக்கேல்லை. வேற வேற நாவல் வாசிச்சன். அவரைக் காணுற நேரமெல்லாம் வாசிச்சிட்டனோ எண்டு கேப்பாரோ எண்டு ஒரு கூச்சம். அவர் ஒருக்காவும் திரும்பக் கேக்கேல்லை.

சவர்க்கார மட்டையில நான் முதலாவதா எழுதின பேர் அதுதான். 1997இல வாசிச்சு முடிச்சன். முடிச்ச அண்டைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனாமடத்துக்குப் போனன். கொட்டில் இருந்த இடத்தில ஒரு அடையாளமும் இல்லை. ரெண்டு மூண்டு பேரை விசாரிச்சன். இடப்பெயர்வோட வன்னிக்குப் போனவையாம், பிறகு ஒரு தொடர்பும் இல்லையாம். எனக்கு அவரோட கதைக்க எவ்வளவோ இருந்தது. அந்தக் கிளாஸைப் பற்றிக் கேக்க இருந்தது. மன்னிப்புக் கேக்க இருந்தது.

உம்முடைய 214இல ஆர் சொன்னது எண்டு ஞாபகம் இருக்கிறதுகளை முதல் பிரிச்சு எடும், பிள்ளை. சொன்னவை உயிரோட, கிட்ட இருக்கேக்க அதுகளை வாசியும்.


பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியை எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்துவிட்டு என் அறையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதப்போவது எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள், ஆனாலும் தங்கச்சிக்கு உதவும்.

முதலில், அந்தச் "சடங்கு". தயவுசெய்து அழித்ததைத் திரும்பப் போடுங்கள். அது இரண்டு தரம் வந்த ஒரே நாவல் இல்லை. அந்தப் பெயரில் செ. கணேசலிங்கனும் எழுதியிருக்கிறார், எஸ்.பொ. என்கிற எஸ். பொன்னுத்துரையும் எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தவர்கள், இரண்டும் வேறு வேறு உலகம். கணேசலிங்கனின் நாவல் 1966இல் வந்தது, எஸ்.பொ.வின் நாவல் 1971இல். உங்களுக்கு இரண்டு வேறு ஆட்கள் இரண்டையும் சொல்லியிருக்கலாம். ஒரே எழுத்தில் இருக்கிற "தீ"யும் பெரும்பாலும் எஸ்.பொ.வின் 1961ஆம் ஆண்டு நாவலாகத்தான் இருக்கவேண்டும். ஆசிரியர் பெயர் இல்லாமல் அதைத் தேடினால் கொம்பியூட்டரில் உலகத்தில் உள்ள நெருப்பெல்லாம் வரும்.

அதனால் பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியர், முதற்பதிப்பு ஆண்டு, இந்த இரண்டும் கட்டாயம். ஆசிரியர் புனைபெயரில் எழுதினவர் என்றால் இயற்பெயரையும் எழுதுங்கள். செங்கை ஆழியானைத் தேடுகிற பிள்ளைகள் சில இடங்களில் க. குணராசா என்ற பெயரில் தேடவேண்டி வரும். பல பாகமாக வந்த நாவல் என்றால் அதையும் குறித்துவையுங்கள். தேவகாந்தனின் கனவுச்சிறை ஐந்து பாகம். அதை ஒரு வரியாகப் போட்டுவிட்டு ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தால் மனம் சோரும். உங்கள் பஸ் பயணத்துக்கு அது ஒரு பள்ளித் தவணை முழுக்க வரும், அப்படி வைத்து வாசிக்கவேண்டிய நாவல்தான் அது.

எங்கே கிடைக்கும் என்பதற்கும் ஒரு குறி வையுங்கள். ஈழத்துப் பழைய நாவல் என்றால் கடைக்குப் போக முன்னம் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். 2005இல் இருந்து ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். காசு இல்லை, போனிலேயே வாசிக்கலாம். பொது நூலகங்களுக்குப் போனால் 894.811 என்ற இலக்கத்தைத் தேடி அந்த றாக்கைக்குப் போங்கள், தமிழ் இலக்கியம் அங்கேதான் இருக்கும். நாவல்கள் 894.8113. பல நூலகங்களில் பழைய பதிப்புகளை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அப்படியானவற்றை "அங்கேயே இருந்து" என்று தனியாகக் குறித்துவைத்தால் லீவு நாளுக்கு உதவும்.

அந்தப் "பனை", செங்கை ஆழியானின் முற்றத்து ஒற்றைப் பனையாக இருக்குமோ? யாழ்ப்பாணத்தில் ஒருவர் நாவலைப் பற்றிக் கதைக்கும்போது பனை என்ற சொல் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். சின்ன நாவல். உங்களுக்கு இரண்டு நாள் போதும்.


பருத்தித்துறையில் இருந்து எழுதியது:

எனக்குப் பட்டியல் இல்லை, அம்மாதான் பட்டியல். அம்மாவுக்குக் கண் வெளிச்சம் குறைஞ்சு ரெண்டு வருசம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமா வாசிக்க, அவ கதிரையில சாஞ்சு கேப்பா. அடுத்தது என்ன எண்டதை அவதான் சொல்லுறது. எல்லாம் அவ ஒருக்கா வாசிச்ச, இல்லாட்டி வாசிக்க நினைச்சுக் கிடைக்காமப் போன புத்தகம்.

இப்ப வாடைக்காற்று வாசிக்கிறம். 1978இல அது படமா வந்ததை அம்மா அப்பாவோட போய்ப் பார்த்தவ, புத்தகம் வாசிக்கேல்லை. நெடுந்தீவுக் கடற்கரையில வாடி, அதுதான் மீன்பிடிக் கொட்டில், போட வாற ஆக்களின்ர கதை. எங்கட வீடும் கடற்கரை வீடு. நான் வேகமா வாசிச்சுக்கொண்டு போனால் அம்மா நிப்பாட்டுவா. "பொறு, அது வாடை. சோளகக் காத்து இல்லை. வாடை விழுந்தா கொப்பா வள்ளத்தை எங்க இழுத்து விடுவார் தெரியுமோ?" எண்டு தொடங்கினா அண்டைக்கு அதோட வாசிப்பு சரி. மூண்டு பக்கம்தான் ஓடும். எனக்கு அது காணும்.

இணுவில் ஐயா சொன்னதை நானும் செய்யப் போறன். அம்மா கேட்ட புத்தகங்களின்ர பேரை, அவ சொன்னதோட எழுதி வைக்க வேணும். இவ்வளவு நாளும் எழுதாமல் விட்டிட்டன்.


கொக்குவில் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, உங்கட பதிலை நான் பஸ்ஸுக்குள்ள வாசிச்சன். இறங்க வேண்டிய இடத்தில இறங்காமல் அடுத்த ஹோல்ட்டில இறங்கித் திரும்பி நடந்தன்.

சனிக்கிழமை முழுக்க இதோட இருந்தன். கடையில 120 பக்கக் கொப்பி ஒண்டு வாங்கி வந்து, போனைப் பக்கத்தில வைச்சு, 214ஐயும் ஒவ்வொண்டா வாசிச்சன். பேரைப் பார்த்த உடன ஒரு முகம் வந்தால் கொப்பியில எழுதிறது, வராட்டி போனிலயே விடுறது. அழிக்கேல்லை. கொப்பிக்கு வந்தது 58. ஆசிரியர், ஆண்டு, எங்க கிடைக்கும், ஆர் சொன்னது. ஒரு நாவலுக்கு நாலு வரி. நெல்லியடித் தம்பி சொன்ன மாதிரி இப்பவே கையில எடுக்கக்கூடியதைப் பார்த்தன், அது பதினொண்டுதான். அக்கா, ரெண்டு சடங்கையும் எழுதியிருக்கிறன். ஒண்டு எங்கட அதிபர் சொன்னது. மற்றது ஆர் எண்டு இன்னும் யோசிக்கிறன். பனை நீங்கள் சொன்னதுதான்! அந்தப் பேரைக் கேட்ட உடன சொன்ன ஆளின்ர குரலே வந்திட்டுது. பஸ்ஸில என்னோட வந்த ஒரு நேர்ஸ் அக்கா, இப்ப லண்டனில.

எழுதிக்கொண்டு போகேக்க ஒரு பேரில நிண்டிட்டன். "நொறுங்குண்ட இருதயம்". மங்களநாயகம் தம்பையா 1914இல எழுதினது, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியின்ர கையால வந்த நாவல். சொன்னது என்ர அம்மம்மா. உடுவிலில இருக்கிறா, 84 வயசு. ரெண்டு வருசத்துக்கு முதல் புழுக்கொடியல் சீவிக்கொண்டு இருக்கேக்க, தன்ர தாய் அதை வாசிச்சு அழுதவ எண்டு சொன்னவ. அதைக் கேட்டுக்கொண்டு போனில பேரைத் தட்டினன். தலையை நிமிர்த்தி மிச்சத்தைக் கேக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியவே உடுவிலுக்குப் போனன். எந்த இடத்தில அழுதவ எண்டு கேட்டன். அம்மம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. ஆனா தாய் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழ வைச்சிருந்ததும், தன்ர தாத்தா வாற சத்தம் கேட்டா சீலைத் தலைப்பால மூடினதும் ஞாபகம் இருக்கு எண்டவ. பேந்து "நீ வாசிச்சுப்போட்டுச் சொல்லு, எந்த இடமா இருக்கும் எண்டு நான் சொல்லுறன்" எண்டா. திங்கட்கிழமை பஸ்ஸில தொடங்கினன். பழைய தமிழ், மெல்லத்தான் போகுது.

ஐயா, ஒண்டு கேக்கலாமோ? அந்த மட்டையில எழுதின 31இல இப்ப எத்தினை மிச்சம்?


இணுவில் ஓய்வூதியர் எழுதியது:

நாலு, பிள்ளை. மட்டை இன்னும் இருக்கு, பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன். மூண்டு நாவல் வீட்டிலயே இருக்கு, இந்த வருசம் வாசிச்சிடுவன்.

நாலாவதுக்குத் தலைப்பு இல்லை. 1993இல கிளாலியில, கடல் கடக்கப் படகுக்குக் காத்திருக்கேக்க, பக்கத்தில இருந்த ஒரு அம்மா சொன்ன கதை. சண்டைக் காலம், நேவி காணாமல் இருக்க லைற் ஒண்டும் போடக்கூடாது, இருட்டுக்குள்ள குரல் மட்டும்தான். பயத்தை மறக்கிறதுக்காகச் சொன்னவ எண்டு நினைக்கிறன். ஒரு தீவில ஒரு கைம்பெண். வீட்டுக் கிணறு உப்பாகிப் போக, ஒவ்வொரு நாளும் விடிய முதல் பக்கத்து ஊர்க் கிணத்துக்கு நடந்து போறா. அந்தக் கிணத்து வளவுக்காரன் ஒரு நாள் துலாக் கயித்தை அறுத்து விடுறான். அடுத்த நாள் அவ தன்ர சீலையைக் கிழிச்சுக் கயிறாத் திரிச்சுக்கொண்டு போறா. அவ்வளவில எங்கட படகு வந்திட்டுது. அந்த அம்மா வேற படகில ஏறினவ. நாவலின்ர பேரையும் நான் கேக்கேல்லை, எழுதினவரின்ர பேரையும் கேக்கேல்லை.

மட்டையில "கிளாலி அம்மா, கிணறு, சீலைக் கயிறு" எண்டு எழுதியிருக்கு. எழுபதுகளில வந்த நாவலா இருக்க வேணும், வீட்டில வீரகேசரிப் பிரசுரங்கள், அதுதான் வீரகேசரிப் பேப்பர்காரர் அந்தக் காலத்தில போட்ட நாவல்கள், நிறைய இருந்தது எண்டும் அவ சொன்னவ. இதை வாசிக்கிற ஆருக்கும் இந்தக் கதை தெரிஞ்சால் பேரை இஞ்ச எழுதிவிடுங்கோ.